சாவடிக் கல்லில் எண்ணிக்கைதான் இருக்கிறது. போரில் இறந்த சிப்பாய் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஏரிக்கரை (கேள்வி):
பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர். சாவடிச் சுவரில் ஒரு சலவைக்கல். 1914–1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. இன்றும் ‘பட்டாளத்தார் வீடு’ என்று அழைக்கப்படும் வீட்டில் உள்ளங்கையை விடப் பெரிய வட்டமான வெண்கலத் தட்டு ஒன்றும் ஒரு வெள்ளிப் பதக்கமும் உள்ளன. “குயின்சாப்பில் இருந்தார், பஸ்ராவுக்குப் போனார், திரும்பவில்லை” என்பதே வாய்மொழித் தகவல். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் முனுசாமி என்று தேடினால் ஒன்று, பட்டியல் நீள்கிறது. இல்லாவிட்டால் ஒன்றுமே வருவதில்லை. எங்கே தொடங்கலாம்?

பழஞ்சுவடி:
பெயரை வைத்துத் தேடினால் அப்படித்தான் ஆகும். அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி என்ற ஒரே ஆள் முனிசாமி, முனிஸ்வாமி, முன்னுஸ்வாமி என்று எப்படியும் இருப்பார். தங்கவேலுவுக்கு ‘டி’க்குப் பிறகு ‘எச்’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் தலைப்பெழுத்து முறை அந்தப் பதிவில் கிடையாது. சில இடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சில இடத்தில் சாதிப் பட்டம்.

உங்களுக்கு வேண்டியது படை எண். அது தட்டில் இருக்காது. அந்தத் தட்டு இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தது. சுமார் 12 செ.மீ. விட்டம், அதில் பெயர் மட்டும். தியாகத்தில் உயர்வு தாழ்வு கூடாது என்று பதவியைக்கூட வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஆனால் ஆள் போரில் இறந்தார் என்பதற்கு அதுவே போதுமான சான்று.

பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் சின்ன ஆங்கில எழுத்துகள் ஓடும். புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வருடா வருடம் பளபளக்க வைத்த வீடுகளில்தான் எழுத்து மழுங்கிப் போயிருக்கும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும்.

கிடைத்த எண்ணைத் தளத்தில் படை எண் கட்டத்தில் போட்டு, இந்தியப் படை, முதல் உலகப் போர் என்று வடிகட்டுங்கள். எண் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். அப்போது ஒவ்வொரு ரெஜிமென்டும் தனக்குத்தானே எண் கொடுத்தது. ஒரே எண் பல ரெஜிமென்டுகளில் இருக்கும். எண்ணும் பிரிவும் சேர்ந்து பொருந்தினால்தான் ஆள் அவர்.

தம்பிப்பட்டாளம்:
‘குயின்சாப்’ என்று வீட்டில் சொல்வது பெரிய துப்பு. விக்டோரியா மகாராணி பெயர் தாங்கிய பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு மக்கள் வைத்த பெயர் அது. பதக்கத்தில் ‘2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ (இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) என்பது போல ஒரு சுருக்கம் இருந்தால் அதே பிரிவுதான். பாலம், சாலை, பதுங்குகுழி வேலை பார்த்தவர்கள். மெசபடோமியாவுக்கும் (இன்றைய இராக்) போனார்கள், ஆகவே அங்குள்ள பஸ்ராவும் பொருந்துகிறது.

அந்தப் போர்முனையில் இறந்து கல்லறை தெரியாதவர்களுக்கான பஸ்ரா நினைவுச்சின்னத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதில் 40,000க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் கல்லில் பெயர் வெட்டியது பிரிட்டிஷ்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும். இந்தியச் சிப்பாய்கள் ரெஜிமென்ட் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கை. உங்கள் சாவடிக் கல் செய்ததையே அங்கேயும் செய்திருக்கிறார்கள். எனவே நினைவுச்சின்னப் புகைப்படத்தில் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்; ஆணையத்தின் தரவுத்தளத்தில் தேடுங்கள். (அந்தச் சின்னமே இப்போது பஸ்ரா நகரில் இல்லை. 1997இல் நாசிரியா சாலையில் 32 கி.மீ. தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.)

தரவுத்தளப் பதிவில் உள்ள கூடுதல் தகவல் வரியை விடாமல் படியுங்கள். ‘இன்னாரின் மகன், இந்த ஊர், இந்தத் தாலுகா, வட ஆற்காடு’ என்று சில பதிவுகளில் இருக்கும். ஊர்ப் பெயரும் சிதைந்திருக்கும் என்பதால் மாவட்டத்தை ‘நார்த் ஆர்காட்’ என்று அன்றைய ஆங்கில வழக்கில் வைத்துக்கொண்டு ஊரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாத ஊர் காதுக்குப் புரியும்.

ஏரிக்கரை:
விளிம்பில் நான்கு இலக்க எண்ணும் ‘எஸ்.பி.ஆர்.’ என்பதும் தெரிகின்றன. பெயரின் பின்பாதி மழுங்கிவிட்டது. கல்லில் உள்ள எண்ணிக்கைக்கும் தளத்தில் எங்கள் ஊருக்குக் கிடைக்கும் ஆட்களுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

பழஞ்சுவடி:
‘எஸ்.பி.ஆர்.’ என்றால் சாப்பர். நான்கு இலக்கமும் பிரிவும் இருந்தால் பாதிப் பெயரே போதும்.

கணக்கு இடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. சமையல்காரர், கழுதை ஓட்டி, தூக்குக்கட்டில் சுமப்பவர் எல்லாரையும் ஊர் ‘பட்டாளம்’ என்றே சொல்லும். பதிவில் அவர்கள் சாப்பர்களோடு இருக்க மாட்டார்கள், வேறு பிரிவின் கீழ் ‘ஃபாலோயர்’ (சண்டையிடாத உதவிப் பணியாளர்) என்று இருப்பார்கள். இன்னொன்று, ஆணையம் முதல் போருக்கு எடுத்துக்கொள்ளும் காலம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. நோயோடு ஊர் திரும்பி அந்தக் கடைசித் தேதிக்குப் பின் இறந்தவரைக் கல் சேர்த்திருக்கலாம், தளம் சேர்க்காது.

தம்பிப்பட்டாளம்:
இறந்த தேதி கிடைத்ததும் அடுத்த படி, அவர் கம்பெனியின் போர் நாட்குறிப்பு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 வரிசை. சிப்பாய் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். ‘இருவர் பலி’ என்று போகும். ஆனால் அன்று கம்பெனி எந்த ஆற்றங்கரையில் என்ன கட்டியது என்பது இருக்கும். அன்று சண்டையே இல்லை என்றால் மருத்துவமனையில் நோயால் இறந்திருக்க வாய்ப்பு அதிகம்; அந்தப் போர்முனையில் காலராவும் காய்ச்சலும் ஏராளமானவர்களைக் கொண்டுபோயின.

பெங்களூர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர்) ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். எண், பதவி, பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, இறந்த தேதி, உங்கள் உறவுமுறை எல்லாம் ஒரே பக்கத்தில். ‘ஷீட் ரோல்’ (சிப்பாயின் பணிப் பதிவுத் தாள்) இருந்தால் நகல் வேண்டும் என்று அந்தச் சொல்லையே எழுதுங்கள். பதக்கத்தின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.