பார்த்தினானில் அன்றும் இரும்பு, பின்பும் இரும்பு: அப்புறம் ஏன் கல் பிளந்தது?

மருதன்:
ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் உள்ள பார்த்தினான் கோயிலை கி.மு. 447-ல் கட்டத் தொடங்கியவர்கள், கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பழுதுபார்த்தவர்களும் இரும்பைத்தான் வைத்தார்கள். முன்னது இரண்டாயிரம் ஆண்டு தாங்கியது. பின்னது சில பத்தாண்டுகளிலேயே பளிங்கைப் பிளந்துவிட்டது. இரும்பின் தரம்தான் காரணமா? தூண்களுக்குள்ளும் இரும்பு இருக்கிறதா? அந்தத் தூண்கள் நிலநடுக்கத்தில்தானே விழுந்தன?

கல்தச்சன்:
தரம் ஒரு பங்குதான். பெரிய காரணம் ஈயம்.

அந்தக் கட்டடத்தில் சாந்தே கிடையாது. கல்லோடு கல் நேரடியாக உட்காரும். பக்கத்துப் பக்கத்துக் கற்களின் மேல்முகத்தில் பள்ளம் வெட்டி, இருபுறமும் டி எழுத்துப் போல் முடியும் இரும்புக் கவ்வியை அதில் இறக்குவார்கள். பிறகு உருக்கிய ஈயத்தை ஊற்றிப் பள்ளத்தை நிரப்புவார்கள். இரும்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஈயம் சூழ்ந்துகொள்ளும். காற்றும் நீரும் அண்டாது. ஈயம் மென்மையான உலோகம் என்பதால், நிலம் ஆடும்போது அதுவே கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். அதிர்ச்சி நேராகக் கல்லைத் தாக்காது.

நிக்கோலாஸ் பாலனோஸ் தலைமையில் நடந்த சீரமைப்பில் (1898 முதல் 1933 வரை) இந்த ஈய உறை முறையாக வைக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, பழைய கற்களிலேயே புதுப் பள்ளங்கள் வெட்டி நீண்ட இரும்புப் பட்டைகளைப் புதைத்தார்கள். மழைநீர் இடுக்கில் இறங்கி இரும்பு துருப்பிடித்தது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். நெருக்கமான பள்ளத்துக்குள் அந்த வீக்கம் போக வழி ஏது? கல்தான் விரிசல் விட்டது. ஆக, கோயிலைத் தாங்க வைத்த இரும்பே கோயிலைத் தின்றது. இதை நினைத்தால் இன்னமும் மனசு கேட்பதில்லை.

பழைய கவ்வியும் மந்திரக் கவ்வி அல்ல. ஈயம் பெயர்ந்து நீர் புகுந்தால் அதுவும் துருப்பிடிக்கும்.

நீலாம்பல்:
தூண்களைப் பொறுத்தவரை விடை வேறு. வெளிச்சுற்றில் 46 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 10.4 மீட்டர் உயரம். ஒவ்வொரு தூணும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பளிங்கு உருளைகளால் ஆனது. உருளைகளின் நடுவில் சதுரக் குழி வெட்டி மரக்கட்டை பொருத்தி, அந்தக் கட்டைகளை ஒரு மரமுளையால் இணைத்தார்கள். உருளை மையம் பிசகாமல் உட்காரத்தான் இந்த முளை. பாரத்தை எடையே பிடித்துக்கொள்ளும். உருளையின் விளிம்பை ஒட்டிய வளையத்தை மட்டும் கண்ணாடி போல் இழைத்தார்கள், உட்பகுதியைச் சற்றுத் தாழ்த்திச் சொரசொரப்பாக விட்டார்கள். முழு முகத்தையும் இழைப்பதைவிட வேலை குறைவு, வெளியில் தெரியும் இணைப்போ மயிரிழை அளவுதான்.

நிலநடுக்கம் என்பது சரியல்ல. 1687 செப்டம்பர் 26 அன்று, மொரோசினி தலைமையில் முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு கூரையைத் துளைத்து விழுந்தது. உள்ளே உதுமானியர்கள் வெடிமருந்தைச் சேமித்திருந்தார்கள். இரண்டு நீளப் பக்கங்களிலும் நடுத்தூண்கள் சரிந்தது அந்த வெடிப்பில்தான். அதுவரை கோயிலாகவும் தேவாலயமாகவும் மசூதியாகவும் புழக்கத்தில் இருந்த கட்டடம் அது.

மருதன்:
அப்படியானால் விழுந்த உருளைகளைத் திரும்ப அடுக்குவது எளிதுதானே? எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தானே இருக்கும்?

கல்தச்சன்:
இல்லவே இல்லை. கோயிலின் தரை தட்டையானது அல்ல. 69.5 மீட்டர் நீளப் பக்கத்தில் நடுப்பகுதி ஏறக்குறைய 11 செ.மீ. மேலே எழும்பியிருக்கும், 30.9 மீட்டர் அகலப் பக்கத்தில் 6 செ.மீ. தூண்களோ உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்தவை, அந்தச் சாய்வை அடி உருளையிலேயே வெட்டிவிட்டார்கள். மூலைத்தூண்கள் மற்றவற்றைவிடத் தடிமன். தூணின் உடலும் மேலே போகப் போக நேர்கோட்டில் மெலியாமல், மெல்லிய புடைப்போடு மெலியும். ஆகவே ஒவ்வோர் உருளைக்கும் ஒரே ஓர் இடம்தான் சொந்தம். பாலனோஸ் காலத்தில் சில கற்கள் இடம் மாறி ஏறிவிட்டன. பிற்காலக் குழு அவற்றைக் கழற்றி, பொருந்தும் அளவுகளைத் தேடிச் சரியான இடத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

வரைகோல்:
இப்போதைய வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1975-ல் அக்ரோபோலிஸுக்கென ஒரு குழு அமைந்தது, பார்த்தினானில் வேலை 1983-ல் தொடங்கியது. இரும்புக்குப் பதில் டைட்டானியம். அது துருப்பிடிக்காது, வெப்பத்தில் விரிவதும் இரும்பைவிடக் குறைவு. டைட்டானியக் கம்பியின் கனத்தைக் கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார்கள்: அளவுக்கு மீறி அதிர்ந்தால் கம்பி முதலில் வளைய வேண்டும், பழைய கல் உடையக் கூடாது. கம்பியைத் தடிமனாக்கினால் பத்திரம் என்று தோன்றும், அதுதான் இங்கே ஆபத்து.

குறைகிற பாகத்துக்கு அதே பென்டெலி மலைப் பளிங்கு. பழைய உடைந்த முகத்தைச் செதுக்கி நேராக்காமல், புதிய துண்டையே அந்த உடைவின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் குடைகிறார்கள். புதியது வெள்ளையாகத் தெரியும். பழையது தேன் நிறம், ஏனென்றால் அந்தப் பளிங்கிலேயே சிறிது இரும்பு கலந்திருக்கிறது.

வளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், நீளப் பக்கத்துப் படிகளின் மூலைக்குப் போய், கண்ணைப் படியின் மட்டத்துக்குத் தாழ்த்தி விளிம்போடு நீளவாக்கில் பாருங்கள். நடுவில் கல் எழும்பி நிற்பது தெரியும்.