புதுப்பித்தல் வேண்டாம், வேறு சொல் தாருங்கள்: பழைய கார் பட்டறைக்கு ஒரு கலைச்சொல்

எழுதியவர்: கான்டெஸாக்காரன் (கோவை)

அனைவருக்கும் வணக்கம்.

பழைய காரை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவரும் வேலையை ரெஸ்டொரேஷன் என்கிறோமே, அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். அகராதியில் தூங்குவதற்கு அல்ல, பட்டறையில் கொடுக்கும் வேலைச்சீட்டில் எழுதுவதற்கு. சொல் சரியில்லாமல் எனக்குக் காசு போயிருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது 1993 கான்டெஸா கிளாசிக் கார். இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். அப்பா வாங்கியது. டிக்கியின் அடித்தகடும் டிரைவர் காலடித் தகடும் துருப்பிடித்துவிட்டன. இரண்டு கதவுகளின் கீழ்விளிம்பும் அப்படியே. மற்ற இடமெல்லாம் கம்பெனி பெயின்ட். பானெட் மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது. இங்கே ஒரு பட்டறையில் விட்டு, "புதுப்பிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மனிதர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். சொன்னதைத்தான் செய்தார். நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. தகடு முழுக்கச் சுரண்டி, பட்டி பார்த்து, மூன்று கோட் அடித்திருக்கிறார். பின்கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்ததாம், அதையும் மாற்றிவிட்டார். எஞ்சின் அறைக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் இல்லை. கழற்றியதெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன.

பிறகு ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். பெயின்ட் கனம் பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். ஆலையில் அடித்த பெயின்ட் என்றால் நூறு மைக்ரானை ஒட்டி இருக்கும். என் வண்டியில் அந்த எண் எங்கேயோ போனது. "முழுக்க அடிச்ச வண்டிங்க" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. துருவேறிய நான்கு இடத்தை மட்டும் பார்த்து விட்டிருந்தால் அவர் உட்கார்ந்து பேசியிருப்பார்.

நான் கேட்டது புதுசு அல்ல, பழசு. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் போயிற்று. "மீட்டமைப்பு" சரிவருமா?


எழுதியவர்: சுவடி (மதுரை)

> "மீட்டமைப்பு" சரிவருமா?

சரிவராது தம்பி. உங்கள் கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். அதில் "மீட்டமை" என்று வருவது ரீசெட். அதை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து ஆலை நிலைக்குப் போய்விடும். உங்கள் பட்டறைக்காரர் செய்தது அச்சு அசலாக அதுதான்.

"சீரமைப்பு" சாலைக் குழிக்குப் போய்விட்டது. "புனரமைப்பு" என்றால் ஊராட்சிப் பலகையும் மதிப்பீட்டுத் தொகையும் கண்முன் வரும்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல, கோயில்களில் நிறையப் பட்டிருக்கிறோம். கல்வெட்டுகளில் "புதுக்குப்புறம்" என்று ஒரு சொல் வரும். கோயிலைப் பழுது பார்ப்பதற்கென்றே விட்ட நிலம் அது. அங்கே புதுக்குவது என்றால் கெட்டதைச் சரிசெய்வது. நம் காலத்தில் திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சி அடித்து, ஆயிரம் வருடம் நின்ற எழுத்தைத் தேய்த்த இடங்களும் உண்டு. கல் பளிச்சென்று ஆயிற்று, எழுத்துதான் போயிற்று. உங்கள் ஸ்டிக்கர் கதையேதான்.

திருமழபாடிக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் விமானத்தைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தபோது, முதலில் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னார்கள். கட்டி முடித்த பிறகு, மகன் இராசேந்திரன் காலத்தில், அவற்றைத் திரும்ப வெட்டினார்கள். உங்கள் பட்டறைக்காரர் சுரண்டுவதற்கு முன் நாற்பது புகைப்படமாவது எடுத்தாரா?

என் முன்மொழிவு: உருமீட்பு. "உரு" இருப்பதால் எதை மீட்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. வினைச்சொல்லாக வேண்டுமானால் "உருமீட்டெடுத்தல்". தயவுசெய்து "உருமீட்டுதல்" வேண்டாம், மீட்டுவது வீணை.


எழுதியவர்: ஸ்பேனர் 10-12 (திருச்சி)

ஐயா, அண்ணே, எல்லாருக்கும் வணக்கம். நான் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களிடம் இதற்குச் சொல் உண்டு: "ஒரிஜினலுக்குக் கொண்டு வர்றது." நீளம்தான், ஆனால் எந்தப் பையனுக்கும் புரியும்.

"மீட்பு" எனக்குப் பிடித்திருக்கிறது. அடகு வைத்த நகையை மீட்டுக்கொண்டு வருகிறோம் இல்லையா, வைத்த அதே நகைதான் திரும்பி வர வேண்டும். கடைக்காரர் அதே எடையில் புதுச் சங்கிலி கொடுத்தால் வாங்குவோமா? எங்கள் வேலையும் அதுதான்.

ஆனால் "உரு"வில் ஒரு கேள்வி. எந்த உரு? 1984-இல் கான்டெஸா வந்தபோது அதில் இருந்தது பழைய 1.5 லிட்டர் எஞ்சின், அம்பாஸடர் வீட்டுச் சரக்கு. அவ்வளவு பெரிய உடம்பை அது இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கும். இசுசு 1.8 வந்த பிறகு பழைய வண்டிக்காரர்கள் சிலர் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஆர்.சி. புக்கிலும் ஏற்றிவிட்டார்கள். அப்படி ஒரு வண்டி முப்பது வருடம் ஓடி என்னிடம் வந்தால் நான் எதை மீட்பது? ஆலையில் பிறந்த உருவையா, ஊரில் வாழ்ந்த உருவையா?

ஒரு வார்த்தை நாங்கள் வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையிலேயே அந்த சேஸிஸோடு வந்த எஞ்சினுக்குப் "பிறவி எஞ்சின்" என்போம். மேட்சிங் நம்பர் என்று நீங்கள் சொல்வது.


எழுதியவர்: நெக்கார் கரை (ஸ்டுட்கார்ட்)

வணக்கம். கன நாளாய் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இண்டைக்கு எழுதாமல் இருக்கேலாது, ஏனெண்டால் திருச்சி அண்ணை கேட்ட கேள்வியைத்தான் இஞ்சை ஒவ்வொரு பழைய வாகனக்காரனும் பரிசோதகருக்கு முன்னால நிண்டு கேக்கிறவன்.

ஜெர்மனியில 30 வருசம் கடந்த வாகனத்துக்கு இலக்கத்தகட்டின்ர கடைசியில "எச்" எழுத்து குடுப்பினம். 1997-இல வந்த முறை. காருக்கு வருச வரி 191.73 யூரோ, எஞ்சின் பெரிசோ சின்னனோ ஒண்டுதான். ஆனால் வயசு மட்டும் காணாது. ஒரு நிபுணர் வந்து வாகனம் பெரும்பாலும் அசல் நிலையில, நல்ல பராமரிப்போட இருக்கெண்டு எழுதித் தரவேணும். பிற்காலத்தில மாத்தினது எண்டாலும், அந்தக் காலத்திலேயே வழக்கமாய் மாத்தினதெண்டால் தள்ளமாட்டினம். ஆகவே அண்ணையின்ர இசுசு மாத்தின வாகனம் இஞ்சை வந்தால் அதுக்காக வாதாட இடமிருக்கு.

எல்லாத்துக்கும் ஒரு சொல்லைத் தேடுறதுதான் பிழை எண்டு நான் நினைக்கிறன். பழைய வாகனங்களின்ர உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல டூரின் சாசனம் எண்டு ஒண்டை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தைப் பாத்துத்தான் அதை எழுதினவை. அதில பேணுறது வேற, மேலும் கெடாமல் நிப்பாட்டுறது வேற, இல்லாமல் போனதைத் திரும்பக் கொண்டுவாறது வேற. கோவை அண்ணைக்குத் தேவைப்பட்டது நாலு இடத்தில மூண்டாவது, மற்ற இடமெல்லாம் முதலாவது. அவர் வாயால சொன்னதோ இதில இல்லாத நாலாவது, புதுசாக்கிறது.

வெனிஸ் சாசனத்தில எனக்குப் பிடிச்ச விதி: ஊகம் தொடங்கிற இடத்தில மீட்பு நிக்கவேணும். சுவடி ஐயா கோயிலைப் பற்றி எழுதினதை வாசிக்க அதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னுமொண்டு. 20 தொடக்கம் 30 வயசு வாகனத்தை இஞ்சை "யங்டைமர்" எண்டுவினம். சட்டத்தில இல்லாத சொல், ஆனால் சந்தை முழுக்க இருக்கு. மாடர்ன் கிளாசிக் எண்டு ஆங்கிலத்தில சொல்லுறதுக்குக் கிட்டத்தட்ட இதுதான். தமிழில "நவீன செவ்வியல்" எண்டு போட்டால் ஆரோ கவிதைத் தொகுப்பு வெளியிடுகினம் எண்டு நினைப்பினம்.


எழுதியவர்: சர்வே ரிப்போர்ட் (சென்னை)

நான் மோட்டார் காப்பீட்டு சர்வேயர். பெண் என்பதால் பட்டறையில் முதல் பத்து நிமிடம் என்னை வண்டிச் சொந்தக்காரரின் மனைவி என்று நினைப்பார்கள். அது போகட்டும்.

சொல்லும் காசும் எங்கே சந்திக்கின்றன என்று சொல்கிறேன். இந்தியாவில் காருக்கான காப்பீட்டு மதிப்பு ஒரு தேய்மான அட்டவணையில் போகும். ஆறு மாதம் வரை 5 விழுக்காடு கழிவு, நான்கு வருடம் தாண்டி ஐந்து வருடத்துக்குள் என்றால் 50. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் அட்டவணையே கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. 1993 கான்டெஸாவைச் சும்மா விட்டால் இரும்பு விலையை ஒட்டி ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள், நீங்களும் பிரீமியம் குறைவு என்று கையெழுத்துப் போடுவீர்கள். விபத்து நடந்த பிறகுதான் அந்த எண்ணை எடுத்துப் படிப்பீர்கள். ஆகவே இன்னொரு சொல் கேட்கிறேன்: "இசைந்த மதிப்பு". சந்தை விலை வேறு, செலவழித்த தொகை வேறு, இது வேறு. செலவுக்கணக்கைக் காட்டி அதுவே மதிப்பு என்று வாதாடுபவர்கள் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுமைகூலி ரசீதைக் காட்டினால் சுண்டைக்காய் விலை ஏறிவிடாது.

அடுத்தது சட்டம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிக்குத் தனிப் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், எண் தகட்டில் "விஏ" என்று வரும். கோவைக்காரரின் வண்டிக்கு 2043-இல்தான் அந்த யோகம். அதுவரை சாதாரண வண்டிதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. வாசலில் நின்றுதான் ஆர்.சி.யை நீட்டிக்க வேண்டும்.

ஆனால் அந்த விதியில் ஒரு வாசகம் இருக்கிறது, அதை எல்லோரும் இப்போதே படிக்க வேண்டும். வண்டி மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. இன்று பட்டறைச் சீட்டில் நீங்கள் எழுதுகிற சொல், 2043-இல் எதிரில் உட்காரும் அதிகாரி படிக்கப்போகிற சொல். "ஃபுல் பாடி புதுப்பித்தல்" என்று பில் வாங்கி வைத்திருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளுத்த பானெட்டுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுங்கள். வயதால் ஏறிய மங்கல்தானே என்று பேட்டினா என எழுதினால் என் மேலதிகாரி "பழுது" என்று மொழிபெயர்த்துக் கழித்துவிடுகிறார். யங்டைமருக்கு என் பங்கு: இளநரை. தலை நரைத்திருக்கிறது, கிழம் இல்லை.


எழுதியவர்: சுவடி (மதுரை)

இளநரை! அம்மா, நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்கள், ஆனால் சொல்லின் கட்டுமானம் சரியாக இருக்கிறது. இளந்தொன்மை, இளம்பழமை என்றெல்லாம் நான் ஒரு வாரமாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். தீவிரமான இடத்தில் "இளமரபு வண்டி" என்று எழுதுவோம், டீக்கடையில் "இளநரை". ஊர்தி, மகிழுந்து என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வண்டி போதும்.

பேட்டினாவுக்கு நேர்ச்சொல் களிம்புதான். செம்பில் ஏறும் பச்சை. ஆனால் சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு என்றால் ஆணவ மலம், உயிரோடு ஒட்டிய அழுக்கு. நீக்க வேண்டியது. இன்றைக்கோ களிம்பு என்றால் மருந்துக்கடையில் சேற்றுப்புண்ணுக்குக் கொடுப்பார்கள். இரண்டும் உங்கள் மேலதிகாரி பக்கம்தான் சாயும். "காலமெருகு" என்று எழுதிப் பாருங்கள். மெருகு என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கழிவு போட யாருக்கும் கை வராது.

திருச்சித் தம்பியின் "எந்த உரு?" என்பதற்கு என்னிடம் விடை இல்லை. சொல்லோடு ஆண்டையும் எழுதச் சொல்லலாம். "உருமீட்பு, 1993" என்பதுபோல.


எழுதியவர்: கான்டெஸாக்காரன் (கோவை)

பெயின்ட் போனது போனதுதான். உள்ளே மிச்சம் இருக்கிறது. இந்தமுறை சீட்டை இப்படி எழுதியிருக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்:

"வண்டி: இளமரபு. இலக்கு: உருமீட்பு, 1993. பிறவி எஞ்சின், ஆர்.சி. எண்ணோடு ஒத்துள்ளது, எண் பொறித்த இடத்தில் உப்புத்தாள் படக்கூடாது. டேஷ்போர்டு, ஸ்டீயரிங்: பேணல் மட்டும், காலமெருகைத் துடைத்து எடுக்க வேண்டாம். பின் இருக்கைத் துணி: கிழிந்த இடத்தில் மட்டும் உருமீட்பு. டிரைவர் காலடித் தகடு: ஏற்கெனவே மாற்றியது, உள்பக்கம் மாற்றிய ஆண்டைப் பொறிக்கவும். கழற்றிய எதையும் என்னைக் கேட்காமல் வெளியே அனுப்பக்கூடாது."

கடைசி வரிக்குக் கலைச்சொல் தேவைப்படவில்லை.


எழுதியவர்: ஸ்பேனர் 10-12 (திருச்சி)

அண்ணே, சீட்டு நல்லா இருக்கு. அப்படியே காப்பி அடித்துவிட்டேன். நேற்று ஒரு பிரீமியர் 118 என்.இ. வந்திருக்கிறது. ஃபியட் 124 உடம்பு, நிஸான் ஏ12 எஞ்சின். என்.இ. என்றாலே நிஸான் எஞ்சின்தான். பெயரிலேயே எஞ்சினை வைத்திருக்கிற வண்டி, ஆனால் உள்ளே திறந்தால் யாரோ டீசல் மாட்டியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருக்கிறது. சொந்தக்காரர் "உருமீட்பு" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த நிஸானைத் தேடணுமா?" என்றார். தேடணும் என்றேன். சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் விற்கிற ஒரு ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பலகையில் "உருமீட்பு 1987" என்று மார்க்கரில் எழுதி வண்டி மேல் சாய்த்து வைத்தேன். பையன் அதை "உருக்கு மீட்பு" என்று படித்துவிட்டு, எவ்வளவு கிலோ என்று கேட்கிறான்.