பந்தானியின் நேரம் முறியடிக்கப்பட்டபோது என்னால் மகிழ முடியவில்லை: சைக்கிள் பந்தயத்தை இனி எதை வைத்து நம்புவது?

கேள்வி (மலையேற்றம்):
அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூலை 14 அன்று, டூர் டி பிரான்ஸின் பதினைந்தாம் கட்டத்தில், பிரெனே மலைத்தொடரிலுள்ள பிளாட்டோ டி பெய் ஏற்றத்தை ஸ்லோவேனிய வீரர் ததேய் பொகாச்சர் ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் ஏறி முடித்தார். 15.8 கி.மீ. நீளமும் சராசரியாக எட்டு சதவீதத்தை ஒட்டிய சரிவும் கொண்ட அந்த மலையில் 1998இல் இத்தாலிய வீரர் மார்க்கோ பந்தானி எடுத்துக்கொண்டதைவிட மூன்று நிமிடங்களுக்கும் மேல் குறைவு. பந்தானிதான் என் இளமைக்கால நாயகன். 1999இல் இத்தாலியின் பெரும் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவில் முதலிடத்தில் இருந்தபோது, மடோனா டி கம்பிலியோவில் எடுத்த ரத்தப் பரிசோதனையால் அவர் வெளியேற்றப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அவருடைய 1998 டூர் மாதிரிகளில், சிவப்பணுக்களைப் பெருக்கும் ஊக்கமருந்தான ஈபிஓ இருந்ததை 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. மருந்தோடு ஏறியவரின் நேரத்தையே இன்னொருவர் இவ்வளவு எளிதாகத் தாண்டும்போது நான் எதை நம்புவது? பொகாச்சர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை என்பதை அறிவேன். அவர்மீது பழி சுமத்துவது என் நோக்கமன்று. ஆனால் பின்னர் ஊக்கமருந்தால் பட்டங்களை இழந்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் அதையேதான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுமொழி (ஆய்வகப் பணியாளர்):
மருத்துவமனை ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக ரத்த மாதிரிகளோடு புழங்குபவன் என்ற முறையில், சோதனை என்பது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை மட்டும் சொல்கிறேன். பந்தானியை வெளியேற்றிய எண் ஹீமடோக்ரிட். எங்கள் கூடத்தில் அதைப் பி.சி.வி. என்போம். நூல் போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை அடைத்து, சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறுகிவிடும். அதற்குமேல் வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். சிவந்த பகுதி மொத்த நீளத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. ஈபிஓவை நேரடியாகக் கண்டறியும் வழி அப்போது இல்லாததால், 1997இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 50 சதவீதத்தை வரம்பாக வைத்தது. பந்தானிக்கு வந்தது 52. அந்த வரம்பு உடல்நலத்தைக் காக்க வந்தது, ஆனால் நடைமுறையில் 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதிச்சீட்டாகிவிட்டது. வீரர்கள் விடுதி அறையிலேயே சிறிய சென்ட்ரிஃபியூஜ் வைத்துக்கொண்டு தாங்களே சோதித்தார்கள். எண் கூடியிருந்தால், சோதனையாளர் வருவதற்குள் சலைன் எனும் உப்புநீரை ஏற்றி ரத்தத்தை நீர்க்கச் செய்தார்கள்.

2008இல் வந்த பயலாஜிகல் பாஸ்போர்ட் முறை இதைவிட நுட்பமானது. ஒருவருடைய ஹீமோகுளோபினையும் ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து, அவரை அவரோடே ஒப்பிடுகிறார்கள். வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு எலும்பு மஜ்ஜை தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்; ஹீமோகுளோபின் உயர்ந்திருக்க, இளம் அணுக்கள் மட்டும் சரிந்திருந்தால் அந்தப் பொருத்தமின்மையே சாட்சி. ஆயினும், இரவில் மிகச் சிறிய அளவில் ஈபிஓ போட்டுக்கொள்பவர் தப்பிக்க இடமுண்டு. ஆகவே, சோதனையில் சிக்கவில்லை என்பதற்குச் சிக்கவில்லை என்பது மட்டுமே பொருள்.

மறுமொழி (பழைய வாசகர்):
மேலே நண்பர் சொன்னது சரி, ஆனால் பெரிய ஊழல்களை வெளிக்கொணர்ந்தவை பெரும்பாலும் ஆய்வகங்கள் அல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1998இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளரைக் கார் நிறைய மருந்தோடு பிடித்தவர்கள் பிரான்ஸ்-பெல்ஜியம் எல்லையில் நின்ற சுங்க அதிகாரிகள். 2006இல் வீரர்களுக்காக மருத்துவர் ஃபுயென்தெஸ் சேமித்திருந்த ரத்தப் பைகளைக் கண்டெடுத்தது ஸ்பெயின் காவல்துறை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களை 2012இல் பறித்தது, 15 வீரர்கள் உட்பட 26 பேர் அளித்த வாக்குமூலம்.

எனவே நம்பிக்கையை அளக்க நான் வேறொன்றைப் பார்க்கிறேன்: உண்மை பேசியவரை இந்த விளையாட்டு எப்படி நடத்துகிறது? கிறிஸ்டோஃப் பாஸோன் ஃபெஸ்டினா அணியில் இருந்தும் ஊசியை மறுத்தவர்; அவர் மட்டும் போடவில்லை என்று அணித்தோழர்களே காவல்துறையிடம் சொன்னார்கள். 1999 டூரில் நாளிதழ் ஒன்றில் அவர் தன் ஐயங்களை எழுதிவந்தார். ஆல்ப் துயெஸ் கட்டத்தன்று அவர் முன்னே பாய்ந்தபோது மொத்தக் கூட்டமும் துரத்திப் பிடித்தது. முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையோடு ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, பந்தயத்தை விட்டுப் போய்விடுமாறு சொன்னார். சொந்த அணியும் துணை நிற்காததால், சில நாளில் பாஸோன் மூட்டை கட்டினார். 2004இலும் இதுவே நடந்தது: வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர் ஃபெர்ராரிக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஃபிலிப்போ சிமியோனி முன்னணிக் குழுவில் சேர்ந்தபோது, ஆர்ம்ஸ்ட்ராங் தாமே துரத்திச் சென்று அவரைப் பின்வாங்கவைத்தார், பிறகு கேமராவைப் பார்த்து உதட்டில் ஜிப் இழுப்பதுபோல் சைகை செய்தார். இவையெல்லாம் நேரலையில் நடந்தன. நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், நான் உட்பட. அதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மறுமொழி (ஆய்வகப் பணியாளர்):
ஏற்கிறேன் ஐயா. மலையேற்ற நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். நேரத்தை வைத்துக் குற்றம் தீர்மானிப்பது நியாயமில்லை. அந்த ஏற்றத்தில் வேகம் மணிக்கு 24 கி.மீ.க்கு அருகில் இருப்பதால் காற்றுத்தடைக்கும் பங்குண்டு, டயர்கள் மாறிவிட்டன, மணிக்கு நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து உட்கொள்ளக் குடலையே பழக்குகிறார்கள். இரண்டாவதாக வந்த விங்கெகோரும் பந்தானியைவிட வேகமாகவே ஏறினார். இவை மூன்று நிமிடத்தை முழுமையாக விளக்கிவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். மாதிரிகளைப் பத்து ஆண்டுகள் வரை சேமித்து மறுபடி சோதிக்க விதியில் இடமிருக்கிறது. 2024இன் மாதிரிகளுக்கு 2034 வரை காலம் உண்டு.

கேள்வி கேட்டவர் (மலையேற்றம்):
இருவருக்கும் நன்றி. இத்தனை ஆண்டுகள் பார்த்தும் பாஸோன் என்ற பெயரை இன்றுதான் கேட்கிறேன். அவர் பிறகு என்ன ஆனார்?

மறுமொழி (பழைய வாசகர்):
2001இல் பந்தயத்தை விட்டுவிட்டார். பிறகு பிரெஞ்சு விளையாட்டு அமைச்சகத்தில் சேர்ந்து, போர்தோ பகுதியில் ஊக்கமருந்து தடுப்புப் பணியில் இருந்தார்.