என்லார்ஜர் லென்ஸில் ஒரு மூலை மட்டும் மங்கல்: குற்றவாளி யார்?

வெள்ளித்துகள்: நெகட்டிவ்வைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் என்லார்ஜருக்காகப் பழைய 50 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் ஒன்று கைக்கு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பூஞ்சையும் இல்லை, கீறலும் இல்லை. ஆனால் பிரின்ட்டில் வலது மேல் மூலை மட்டும் மங்கல். லென்ஸ் கோளாறுதான். திருப்பி அனுப்பப் போகிறேன்.

சிவப்புவிளக்கு: அவசரப்படாதீர்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் எனக்கு முதல் சந்தேகம் என்லார்ஜர் மேல்தான். நெகட்டிவ், லென்ஸ், பிரின்ட் தாள் வைக்கும் அடிப்பலகை மூன்றும் இணையாக இல்லாவிட்டால் எந்த லென்ஸும் இப்படித்தான் காட்டும். லென்ஸைத் தாங்கும் தட்டான லென்ஸ் போர்டை 180 டிகிரி திருப்பிப் பொருத்தி, மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள். மங்கல் எதிர் மூலைக்குத் தாவினால் லென்ஸ் மேல் பழி போடலாம். அதே இடத்தில் நின்றால் லென்ஸ் பாவம்.

பழையகை: லென்ஸின் திறப்பை எஃப்/11-க்கு மூடிச் சுருக்கி பிரின்ட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும். இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

சிவப்புவிளக்கு: சரியாகாது, மறையும். அதற்கு மேல் மூடிக்கொண்டே போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (diffraction) படம் முழுக்கவே கூர்மை குறையும். கோளாறைத் தேட முழுத் திறப்பு. பிரின்ட் போட எஃப்/5.6 அல்லது எஃப்/8.

வெள்ளித்துகள்: உங்கள் சோதனையில் ஓட்டை இருக்கிறதே! போர்டே கோணலாக இருந்தால்? போர்டோடு சேர்ந்து மங்கலும் சுற்றும். அப்போது நல்ல லென்ஸுக்குத் தண்டனை.

சிவப்புவிளக்கு: நியாயம்தான், அதை யோசிக்கவில்லை. அப்படியானால் போர்டை விட்டுவிட்டு லென்ஸை மட்டும் மரையில் அரைச் சுற்று தளர்த்துங்கள். 39 மி.மீ. மரையில் அரை மி.மீ. கீழே இறங்கும், அதனால் மறுபடி ஃபோகஸ் செய்தே ஆகவேண்டும்.

பழையகை: தளர்ந்த லென்ஸ் ஆடும். அந்த ஆட்டமே புது மங்கலைத் தரும்.

சிவப்புவிளக்கு: இடைவெளியில் காகித வளையம் வைத்து இறுக்குங்கள். நெகட்டிவ்வுக்குப் பதிலாக, முழுக்கக் கறுத்த ஃபிலிம் துண்டில் மையத்திலும் நான்கு மூலையிலும் ஊசியால் கீறிப் போடுங்கள். கீறலின் விளிம்பு பொய் சொல்லாது. நெகட்டிவ்வைப் பிடிக்கும் சட்டமான கேரியர், கண்ணாடி வைத்ததாக இருந்தால் நல்லது. விளக்குச் சூட்டில் ஃபிலிம் வளைந்தாலும் ஃபோகஸ் போய்விடும்.

வெள்ளித்துகள்: செய்து பார்த்தேன். போர்டைத் திருப்பினாலும் லென்ஸைத் திருப்பினாலும் மங்கல் அசையவில்லை. கேரியரைத் தூக்கினால், அடியில் ஒரு மூலையில் ஃபிலிம் துணுக்கு ஒட்டியிருக்கிறது! எடுத்ததும் நான்கு மூலையும் ஒரே மாதிரி.

பழையகை: எஃப்/11-ல் அது தெரிந்தே இருக்காது.

சிவப்புவிளக்கு: அதைத்தானே அண்ணே நானும் சொல்கிறேன்!