எட்டுப் பேருக்கு ஓர் இடம்

நான் (ஞாயிறு, காலை 7.40)
அனைவருக்கும் வணக்கம். நம் வீட்டு மாடியில் நான்கு கணினிகளோடு தொடங்கிய மருத்துவ பில்லிங் வேலை (அமெரிக்க நோயாளிகளின் சிகிச்சைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கேட்டு வாங்கித் தரும் வேலை) இப்போது எட்டுப் பேராக வளர்ந்துவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் புது இடத்தில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் உள்ள கோவொர்க்கிங் இடம், அதாவது பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம். இருக்கை ஒன்றுக்கு மாதம் 5,500 ரூபாய். மேசை, ஏசி, இணையம், ஜெனரேட்டர், துப்புரவு எல்லாம் அதற்குள் அடக்கம். மற்றொன்று, கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் முதல் மாடி. 700 சதுர அடி, வாடகை 18,000 ரூபாய், மூன்று மாத முன்பணம். தரையையும் சுவரையும் தவிர அங்கே எதுவும் இல்லை. பெரியவர்கள் யோசனை சொல்ல வேண்டும்.

சித்தி, தஞ்சாவூர் (காலை 8.05)
தஞ்சாவூருக்கே வந்துவிடு அம்மா. 2024 செப்டம்பரில் மேலவஸ்தாச்சாவடியில் மினி டைடல் பூங்கா திறந்த பிறகு, கணினி வேலை என்றால் ஊரில் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நம் வீடும் பக்கத்திலேயே இருக்கிறது.

அண்ணன், சென்னை (காலை 8.30)
மாடியின் 18,000 ரூபாயையும் எட்டு இருக்கைக்கான 44,000 ரூபாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாந்துவிடாதே. கும்பகோணத்து மாடிக்கு வாடகை போக, மின்கட்டணம் 9,000, இரண்டு இணைய இணைப்புகளுக்கு 3,000, துப்புரவுக்கு 4,000, இரவுக் காவலருக்கு 12,000 என்று கூட்டினாலே 46,000 ரூபாய் ஆகிவிடுகிறது. மேசை, நாற்காலி, ஏசி, வயரிங், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் நீ சொன்ன 3,20,000 ரூபாயை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 8,900 ரூபாய் சேரும். ஆக, 54,900 ரூபாய்.

கோவொர்க்கிங் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. அது 7,920 ரூபாய். நீ செய்வது சேவை ஏற்றுமதி என்பதால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். மாடி உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றாலும், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கான வரியைப் பதிவு பெற்ற குடித்தனக்காரரான நீதான் கட்ட வேண்டும். அதையும் பிறகு திரும்பக் கேட்கலாம். எனவே வரியை வைத்து முடிவு செய்யாதே.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உன் அமெரிக்க வாடிக்கையாளரோடு ஓராண்டு ஒப்பந்தம்தான் இருக்கிறது. அவர் அறுபது நாள் முன்னறிவிப்பில் விலகலாம். அப்படியிருக்க, மூன்று ஆண்டு வாடகைக்குக் கையெழுத்திட்டு, சுவரில் மூன்று லட்சத்தைப் பூசுவது சரியா?

பெரிய மாமா, கும்பகோணம் (காலை 9.15)
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மின்கட்டணத்தை 9,000 என்று எதை வைத்துப் போட்டார்கள் என்று தெரிய வேண்டும். அந்த மாடியில் முன்பு குடும்பம் குடியிருந்தது. வீட்டு இணைப்பிலேயே அலுவலகம் நடத்தினால் அபராதத்தோடு வணிக இணைப்புக்கு மாற்றுவார்கள். மின்வாரியத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை உரிமையாளரே முதலில் மாற்றித் தரட்டும். எட்டுக் கணினிகள் ஏறக்குறைய 1,200 வாட் இழுக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். ஏசியை அதில் சேர்க்காதே அம்மா.

அத்தை, மன்னார்குடி (காலை 9.50)
நான்கு மணி நேரம் போதுமா என்று யோசியுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரம் ஆனது. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவே டிராக்டர் பேட்டரியைத் தேடிப் போனோம். தஞ்சாவூரில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள் என்றால் அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

நான் (ஞாயிறு, இரவு 9.10)
எல்லோருடைய யோசனைக்கும் நன்றி. கணக்கில் கோவொர்க்கிங்தான் முன்னால் நிற்பதால், புதன்கிழமை ஒரு நாள் பாஸ் வாங்கி அங்கேயே உட்கார்ந்து வேலை செய்து பார்க்கப் போகிறேன்.

பெரிய மாமா, கும்பகோணம் (இரவு 9.25)
போகும்போது அறையின் கண்ணாடித் தடுப்பு எங்கே முடிகிறது என்று பார். ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால், மேலே எல்லா அறைகளும் ஒரே அறைதான்.

நான் (புதன், இரவு 8.20)
காலை பத்து மணிக்குப் போனேன். இடம் மிக அழகாக இருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் அன்போடு பேசினார். இணையம் ஒரு முறைகூடத் தடைபடவில்லை. கூடத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி, ஒரு தம்பி தொலைபேசியில் தவணை வசூலித்துக்கொண்டிருந்தார். நான் காது கொடுக்கவில்லை. ஆனாலும் பகல் உணவுக்குள் ஒரு பெண்ணின் பெயர், பிறந்த தேதி, கணவர் வேலை இழந்தது, எத்தனை மாதத் தவணை நிலுவை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் திருவையாற்றிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பார். அவருடைய கஷ்டத்தை முகம் தெரியாத நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு இன்று சோறு இறங்கவில்லை.

நம்மிடம் ஏ.ஆர். காலிங் (வர வேண்டிய பணத்தைத் தொலைபேசியில் கேட்கும் வேலை) செய்யும் மூன்று பெண்களும் இதே போலத்தான் காப்பீட்டு நிறுவனங்களோடு பேசுகிறார்கள். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, என்ன நோய், என்ன அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஒரு கோரிக்கையின் நிலையைக் கேட்க முடியும். 1996இல் அமெரிக்கா இயற்றிய ஹிப்பா சட்டத்தின்படி அந்தத் தகவலைக் காப்போம் என்று நாம் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சட்டம் இருக்கட்டும், ஓர் அம்மாவின் புற்றுநோய் அடுத்த மேசைக்காரர் காதில் விழக் கூடாது.

அண்ணன், சென்னை (இரவு 8.40)
கூடம் வேண்டாம், மூடிய கேபினாக எடுத்துக்கொள். விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

நான் (இரவு 8.55)
அதையும் பார்த்துவிட்டேன் அண்ணா. மாமா சொன்னது போலவே தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்கிறது. பக்கத்துக் கேபினில் ஒருவர் இருமியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னொன்று, அந்தக் கட்டடத்தில் இரவு 9 மணிக்கு ஏசியை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் மணிக்கு 300 ரூபாய். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது இப்போது நமக்கு மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு 7.30. நம் இரவு வேலை மாலை 6.30 முதல் பின்னிரவு 3.30 வரை நடக்கிறது. ஒன்பதுக்கு மேல் ஆறரை மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 42,900 ரூபாய். அடிப்படைக் கட்டணத்துக்கு ஏறக்குறைய இணையான இன்னொரு கட்டணம் இது. விலைப் பட்டியலில் எங்கும் இல்லை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

அண்ணன், சென்னை (இரவு 9.20)
அப்படியானால் என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். பகலில் மட்டும் நடக்கும் வேலைக்கு வகுத்த இடம் அது. இவ்வளவு பேசிய பிறகு என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த சிறிய நிறுவனம் சென்னையில் இப்படியொரு பகிர்விடத்தில் இருந்தது. பதினைந்தே நாள் அவகாசத்தில் அந்த இடத்தை மூடினார்கள். எங்கள் வைப்புத்தொகை ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது. அப்போதுதான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். நாங்கள் குடித்தனக்காரர்களே இல்லை. இடத்தைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர்கள் மட்டுமே. பகிர்விடம் நடத்துகிறவரே பெரும்பாலும் கட்டட உரிமையாளரிடம் நீண்ட கால வாடகைக்கு இருப்பவர்தான். நீண்ட காலத்துக்கு வாங்கி, மாதக் கணக்கில் விற்கிறார். ஆள் குறைந்தால் முதலில் தள்ளாடுவது அவர்தான். 2010இல் நியூயார்க்கில் தொடங்கி உலகமெங்கும் பரவிய பகிர்விட நிறுவனமான வீவொர்க்கே 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பெரும் வாடகைப் பொறுப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சித்தி, தஞ்சாவூர் (இரவு 9.45)
எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். பின்னிரவு மூன்றரைக்கு அந்தப் பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்?

நான் (இரவு 10.05)
இன்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் நான் யோசித்ததும் அதையேதான் சித்தி. எட்டுப் பேரில் ஆறு பேர் கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலைக்காரர்கள். இரண்டு பேர் பாபநாசம். தஞ்சாவூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கும்பகோணம் என்றால் ஒரே வேன் மூவரையும் அரை மணி நேரத்தில் அவரவர் வாசலில் இறக்கிவிடும். இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் போக்குவரத்தும் பாதுகாப்பும் நம் பொறுப்பு. மூன்று பேரிடமும் இன்று பேசினேன். தஞ்சாவூர் என்றால் ஒருவர் வேலையை விட்டுவிடுவதாகவே சொன்னார். இரண்டு ஆண்டு பழகிய கையை, காபி இயந்திரத்துக்காக நான் இழக்க மாட்டேன்.

அதனால் கும்பகோணத்து மாடிதான் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. அண்ணா, நீங்கள் எழுப்பிய ஒப்பந்தக் கேள்விக்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

அண்ணன், சென்னை (இரவு 10.30)
சம்மதம். மூன்று ஆண்டு ஒப்பந்தமே போடு; ஆனால் இரண்டு மாத முன்னறிவிப்பில் நீ விலகலாம் என்ற விதியை அதில் எழுதி வாங்கு. உன் வாடிக்கையாளருக்கு இருக்கும் அறுபது நாளும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் பதிவு வேண்டும். வாய்ப் பேச்சோடு நிறுத்திவிடாதே. செங்கல் சுவர் எழுப்பாதே. பேசுகிற மூவருக்கு மட்டும், கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஒலித்தடுப்புப் பலகையால் தளம் முதல் கூரை வரை ஓர் அறை போட்டுக்கொள். மூன்று லட்சத்தில் பாதியாவது உன்னோடு திரும்பி வரும்.

அத்தை, மன்னார்குடி (இரவு 10.40)
ஜெனரேட்டர்?

பெரிய மாமா, கும்பகோணம் (இரவு 10.50)
கீழே பாத்திரக் கடைக்காரர் பின்கட்டில் ஒன்று வைத்திருக்கிறார் அக்கா. டீசலைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதிப்பாரா என்று நானே கேட்கிறேன். மழைக்காலத்துக்கு முன் அது உறுதியாகிவிட வேண்டும்.

நான் (இரவு 11.00)
மிக்க நன்றி மாமா. மீட்டர் பெட்டிச் சாவி உரிமையாளரிடம் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்குக் கடை திறப்பதற்குள் வாங்கி வைத்துவிடுகிறேன். நீங்கள் டெஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.