வெளிர் மஞ்சளா, மஞ்சளா? உப்பு ஆய்வில் உதவி தேவை

வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. உப்பு ஆய்வில் (கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது) அவளுக்குத் தகராறே நிறத்தில்தான்.

சில்வர் நைட்ரேட் விட்டால் குளோரைடு வெள்ளை வீழ்படிவு (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திடப்பொருள்) தரும், நீர்த்த அம்மோனியாவில் கரைந்துவிடும். அதில் குழப்பமில்லை. (ஒருமுறை குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கலங்கல் வந்தது தனிக் கதை.) புரோமைடின் வெளிர் மஞ்சளும் அயோடைடின் மஞ்சளும்தான் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றனவாம். அடர் அம்மோனியாவில் புரோமைடு வீழ்படிவு கரைய வேண்டும், கரையவே இல்லை. பாட்டில் நெடுநாள் திறந்து கிடந்ததால் வீரியம் போயிருக்குமா? குளோரின் நீர் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியுமா?

அப்புறம் சுடர் சோதனை. பேரியத்தின் பச்சை சரி. கால்சியத்தின் செங்கல் சிவப்பையும் ஸ்ட்ரான்சியத்தின் அடர் சிவப்பையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?

இன்னொன்று. தனிம அட்டவணையில் மெக்னீசியத்திலிருந்து பேரியம் வரை கீழே போகப் போக வினைத்திறன் கூடுகிறது, ஹாலஜன்களில் (குளோரின், புரோமின், அயோடின் வரிசை) குறைகிறது. உலோகம் எலக்ட்ரானை இழக்கிறது, ஹாலஜன் வாங்குகிறது என்று சொன்னேன். "ரெண்டிலும் அணு பெரிசாகத்தானே ஆகுது?" என்கிறாள். அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.