மட் மின்னஞ்சலில் தமிழ் கேள்விக்குறியாக வந்த சிக்கல்: புதுப்பிப்பு (தீர்ந்தது)

எங்கள் பாசனதாரர் சங்கத்துக்கு வரும் தமிழ் மடல்கள், மன்னார்குடி அலுவலகத்து டெபியன் லினக்ஸ் கணினியில் மட் (Mutt) என்ற, டெர்மினலில் ஓடும் மின்னஞ்சல் நிரலில் திறந்தால் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன என்று கேட்டிருந்தேன். "மேட்டூர் நீர்மட்டம்" என்ற தலைப்பைக்கூடப் படிக்க முடியவில்லை. இப்போது சரியாகிவிட்டது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் சார்செட்டை (எழுத்துக் குறிமுறையை) யூடிஎஃப்-8 என்று எழுதிப் பார்த்தேன், பலனில்லை. டெர்மினலில், கணினியின் மொழி அமைப்புகளைக் காட்டும் 'லொக்கேல்' கட்டளை கொடுத்துப் பாருங்கள் என்ற யோசனைதான் விஷயத்தைப் பிடித்தது. அதில் லாங் (LANG) என்ற மொழி அமைப்பு சரியாகவே இருந்தது. ஆனால் அதை மீறிச் செல்லும் எல்சி_ஆல் (LC_ALL), தமிழ் எழுத்தை அறியாத 'சி' என்று காட்டியது. அது அப்படி இருக்கும்வரை லாங்கில் என்ன எழுதினாலும் எடுபடாது. ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எல்சி_ஆலை அப்படி வைத்திருந்த எக்ஸ்போர்ட் வரியை நீக்கி, வெளியேறி மறுபடி உள்நுழைந்ததும் தமிழ் வந்தது. அப்புறம் சார்செட் வரியையும் எடுத்துவிட்டேன். லொக்கேலைப் பார்த்து மட் தானே தெரிந்துகொள்ளும்.

எதிர்பாராதது ஒன்று: நான் பயன்படுத்திய எக்ஸ்டெர்ம் (xterm) என்ற டெர்மினலில் எழுத்து வந்தாலும், 'மே'யின் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அது மட்டின் கோளாறு இல்லை, டெர்மினலுடையது. கேடிஇயின் கான்சோல் (Konsole) என்ற டெர்மினலுக்கு மாறியதும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. மட் காட்டும் மடல்களின் பட்டியலில் நெடுவரிசைகள் இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கின்றன. ஜூன் 12 தண்ணீர் திறப்பு பற்றிய மடலைப் படிக்க அது தடையாக இல்லை.